செகண்டரி ஆன்டிபாடி: தேர்வு செய்வதிலிருந்து கடைசிக் கழுவல் வரை

புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் அந்த மெம்பிரேன் முழுக்கக் கருப்பாக வந்தால், ஆய்வகத்தில் முதல் சந்தேகம் பிரைமரி ஆன்டிபாடி மேல்தான் விழும். ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பொருள் அது. அதன் டைல்யூஷனை (நீர்க்கும் அளவை) மாற்றுவோம், வேறு கம்பெனியில் கேட்போம், ஒரு மாதம் போய்விடும். நான் பார்த்த வரை அந்தச் சிக்கல்களில் நிறைய, யார் எப்போது வாங்கியது என்றே தெரியாமல் ஃப்ரீசர் மூலையில் கிடக்கும் செகண்டரியில்தான் இருந்திருக்கின்றன. பிரைமரியைப் பற்றி நாள்கணக்கில் படிக்கிறோம். செகண்டரியைப் பக்கத்து மேசையில் கடன் வாங்குகிறோம். எம்எஸ்சி புராஜெக்ட் செய்பவரும் புதிதாக பிஎச்டியில் சேர்ந்தவரும் அப்படித் தொடங்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆன்டிபாடிக்கு நம் பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று பெயர். இலங்கைப் பாடநூலில் பிறபொருளெதிரி. ஆய்வகத்தில் பேசும்போது பிரைமரி, செகண்டரி என்றுதான் சொல்கிறோம். இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

செகண்டரி என்ன வேலை செய்கிறது

நீங்கள் தேடும் புரதத்தைப் போய்ப் பிடிப்பது பிரைமரி. அந்தப் பிரைமரியைப் பிடிப்பது செகண்டரி. பிரைமரி சுண்டெலியில் உருவானது என்றால், சுண்டெலியின் ஐஜிஜியை (ரத்தத்தில் அதிகமாக உள்ள ஆன்டிபாடி வகை) ஒரு ஆட்டுக்குள் ஊசியாகச் செலுத்துவார்கள். ஆட்டின் உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உண்டாக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, ஒளிரும் சாயமோ நொதியோ ஒட்டினால் அதுதான் ‘கோட் ஆன்டி-மவுஸ்’. பெயரில் முதலில் வருவது எந்த விலங்கு தயாரித்தது என்பது. பின்னால் வருவது எந்த விலங்கின் ஆன்டிபாடியைப் பிடிக்கும் என்பது. இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்து ஆர்டர் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த யோசனை ஆராய்ச்சிக்கு வருவதற்கு முன்பே ரத்த வங்கிக்கு வந்துவிட்டது. 1945இல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ஸும் அவருடன் மூரன்ட், ரேஸ் ஆகிய இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் மேல் ஒட்டியிருந்தும் கண்ணுக்குத் தெரியாத மனித ஆன்டிபாடியை, முயலில் உண்டாக்கிய இன்னொரு ஆன்டிபாடியால் பிடித்து, அணுக்களைக் கட்டிகட்டியாகத் திரளவைத்துக் காட்டினார்கள். ஆர்எச் நெகட்டிவ் கர்ப்பிணிகளுக்கு இன்றும் ஐசிடி (இன்டைரக்ட் கூம்ஸ் டெஸ்ட்) என்று எழுதிக்கொடுக்கும் சோதனை அதன் வாரிசு. அங்கே வேலை செய்வது ஒரு செகண்டரிதான்.

நுண்ணோக்கிப் பக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் 1941இலேயே ஆன்டிபாடியோடு நேரடியாக ஒளிரும் பொருளை ஒட்டிக் காட்டினார். 1954இல் அவரும் தாமஸ் வெல்லரும் சின்னம்மை வைரஸை ஆராயும்போது இரண்டு அடுக்கு முறைக்கு வந்தார்கள்: முதலில் சாயமில்லாத ஆன்டிபாடி, அதன் மேல் சாயம் ஒட்டிய இரண்டாவது. இன்று நாம் செய்வது அதேதான்.

ஏன் இரண்டு அடுக்கு? ஒரு பிரைமரி மூலக்கூறின் மேல் பல செகண்டரிகள் போய் உட்காரும். ஒவ்வொன்றிலும் பல சாய மூலக்கூறுகள் இருக்கும். சிக்னல் பெருகிவிடும். இன்னொரு காரணம் பணம். முயலில் செய்த இருபது பிரைமரிகள் ஆய்வகத்தில் இருந்தாலும் ஒரே ஒரு ஆன்டி-ராபிட் செகண்டரி போதும். சாயம் ஒட்டிய பிரைமரியை ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாக வாங்க நம் ஆய்வகங்களில் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்?

முதல் படி: பிரைமரியின் டேட்டாஷீட்டைப் படியுங்கள்

செகண்டரி தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. கேட்டலாகைத் திறப்பதற்கு முன்பு மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள்: பிரைமரி எந்த விலங்கு, எந்த வகுப்பு, உங்கள் மாதிரி எந்த விலங்கிலிருந்து வந்தது.

விலங்கு எளிது என்று தோன்றும். ஆனால் இப்போது ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள் (மரபணுவை மாற்றித் தயாரிப்பவை) வந்தபின், சுண்டெலியில் பிறந்த ஒரு குளோனின் (ஒரே செல் வம்சம் தரும் ஆன்டிபாடி) வால் பகுதியை, அதாவது எஃப்சியை, முயலின் வாலாக மாற்றியும் விற்கிறார்கள். குளோன் பெயரை மட்டும் பார்த்து ‘இது மவுஸ்’ என்று முடிவு கட்டாதீர்கள். ஹோஸ்ட் என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள்.

வகுப்பு என்பது ஐஜிஜியா, ஐஜிஎம்மா, ஐஜிஜி என்றால் அதில் எந்த உட்பிரிவு என்பது. சுண்டெலி மோனோகுளோனல்களில் (ஒரே குளோனிலிருந்து வருபவை) ஐஜிஜி 1, 2ஏ, 2பி, 3 என்று உண்டு. சாதாரண ஆன்டி-மவுஸ் ஐஜிஜி இவற்றையெல்லாம் பிடிக்கும். உங்கள் பிரைமரி ஐஜிஎம் என்றால், ஐஜிஜியின் வால் பகுதியை மட்டும் பிடிக்கும் எஃப்சி காமா வகைச் செகண்டரி அதைக் கண்டுகொள்ளாது. பிரைமரி கோழியிலிருந்து வந்தது என்றால் அது ஐஜிஜியே அல்ல, ஐஜிஒய்; அதற்கு ஆன்டி-சிக்கன் ஐஜிஒய் என்றே வாங்க வேண்டும். முயலில் இந்தத் தொல்லை இல்லை, ஐஜிஜி ஒரே வகைதான்.

மாதிரியின் விலங்கை எழுதச் சொன்னதற்குக் காரணம், செகண்டரி கண் தெரியாமல் வேலை செய்வது. ‘சுண்டெலி ஐஜிஜியைப் பிடி’ என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கட்டளை. அந்த ஐஜிஜி நீங்கள் போட்ட பிரைமரியா, திசுவுக்குள் முன்பே இருந்த சுண்டெலியின் சொந்த ஐஜிஜியா என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது படி: யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று வரையுங்கள்

ஒரு உண்மையான வேலையை எடுத்துக்கொள்வோம். சுண்டெலி மூளையை வெட்டி மூன்று வகைச் செல்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். நியூரான்களுக்கு நியூஎன், ஆஸ்ட்ரோசைட்டுகளுக்கு ஜிஎஃப்ஏபி, மைக்ரோக்ளியாவுக்கு ஐபிஏ1. நியூஎன்னுக்குப் பல ஆய்வகங்களில் இருப்பது ஏ60 என்ற குளோன்; அது சுண்டெலி ஐஜிஜி 1. ஜிஎஃப்ஏபிக்கு முயல் ஆன்டிபாடியும், ஐபிஏ1க்கு ஆட்டு ஆன்டிபாடியும் கிடைக்கின்றன.

ஃப்ரீசரில் கோட் ஆன்டி-மவுஸ், கோட் ஆன்டி-ராபிட் இருக்கின்றன. ஐபிஏ1க்காக டாங்கி ஆன்டி-கோட் (கழுதையில் தயாரித்தது) ஒன்றைப் புதிதாக வாங்குகிறீர்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் என்ன ஆகும்? டாங்கி ஆன்டி-கோட், ஆட்டு ஐபிஏ1 பிரைமரியைப் பிடிக்கும். அதோடு நிற்காமல் மற்ற இரண்டு செகண்டரிகளையும் பிடிக்கும், ஏனென்றால் அவையும் ஆட்டு ஆன்டிபாடிகள்தான். மூன்று செல்களும் ஒரே நிறத்தில் மின்னும். படம் அழகாகக்கூட இருக்கும். மூன்று புரதமும் ஒரே செல்லில் இருக்கின்றன என்று எழுதிவிடவும் வாய்ப்புண்டு. எனக்கு இதில் பயம் அதுதான். பிளாட் கருப்பாக வந்தால் தவறு என்று உடனே தெரிகிறது, இங்கே தவறு ஒரு கண்டுபிடிப்பு மாதிரி வந்து நிற்கிறது.

எனவே ஒரு தாளை எடுத்து, போடப்போகும் எல்லா ஆன்டிபாடிகளையும் எழுதி, ஒவ்வொரு செகண்டரியிலிருந்தும் அது பிடிக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போடுங்கள். ஒரு செகண்டரியிலிருந்து ஒரே ஒரு அம்புதான் போக வேண்டும். இந்த மூளை வேலையில் அதற்கு வழி, எல்லாச் செகண்டரிகளையும் கழுதையிலிருந்து வாங்குவது: டாங்கி ஆன்டி-மவுஸ், டாங்கி ஆன்டி-ராபிட், டாங்கி ஆன்டி-கோட். பல நிற வேலைக்குக் கழுதைச் செகண்டரிகளை இத்தனை பேர் வாங்குவது இதனால்தான். புதிய ஆய்வகம் தொடங்குகிறவர் என்னைக் கேட்டால், முதல் ஆர்டரே கழுதை வரிசையாக இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். பிரைமரியில் ஆடு வரும் நாள் எப்படியும் வந்துவிடும்.

அம்புக்குறித் தாளில் ஒன்று இன்னும் தீரவில்லை. டாங்கி ஆன்டி-மவுஸிலிருந்து சுண்டெலி மூளைக்கே ஓர் அம்பு போகிறது. விலங்கை பெர்ஃப்யூஸ் செய்து ரத்தத்தை நன்றாக வெளியேற்றியிருந்தால் மூளையில் ஐஜிஜி குறைவுதான். ரத்தக்குழாய் ஓரங்களில் மிச்சம் தெரியும். காயமோ வீக்கமோ உள்ள மூளை என்றால் ஐஜிஜி திசுவுக்குள்ளேயே கசிந்திருக்கும். அப்போது சாயம் ஒட்டாத ஆன்டி-மவுஸ் ஃபேப் துண்டுகளை (ஆன்டிபாடியின் பிடிக்கும் கை மட்டும்) முதலில் ஊற்றி, சொந்த ஐஜிஜியை மூடிவிட்டுப் பிறகு பிரைமரியைப் போடலாம். ஐஜிஜி 1ஐ மட்டும் பிடிக்கும் செகண்டரிக்கு மாறினாலும் ஓரளவு குறையும். நான் செய்வது வேறு: நியூஎன்னையே முயலிலோ கினிப்பன்றியிலோ செய்த ஆன்டிபாடியாக வாங்கிவிடுவேன். சுண்டெலித் திசுவில் சுண்டெலிப் பிரைமரி வேண்டாம் என்று முடிவெடுத்தால் பாதி வேலை மிச்சம்.

மூன்றாவது படி: கிராஸ்-அட்சார்ப்டு வேண்டுமா

சுண்டெலியும் எலியும் நெருங்கிய உறவு. சுண்டெலி ஐஜிஜிக்கு எதிராகச் செய்த ஆன்டிபாடிகளில் ஒரு பகுதி எலி ஐஜிஜியையும் பிடிக்கும். ஆடு, செம்மறி, மாடு மூன்றும் அப்படியே. ஆன்டி-கோட் மற்ற இரண்டையும் பார்க்கும். இதைக் குறைக்க, தயாரிப்பாளர்கள் செகண்டரியை மற்ற விலங்குகளின் சீரம் புரதங்கள் ஒட்டிய வடிகட்டும் குழாய் (column) வழியாக விடுவார்கள். தவறான ஆளைப் பிடிப்பவை அங்கேயே தங்கிவிடும். வெளியே வருவது கிராஸ்-அட்சார்ப்டு. சில கம்பெனிகள் ப்ரீ-அட்சார்ப்டு, மினிமல் கிராஸ் ரியாக்‌ஷன் என்றும் எழுதுவார்கள். எந்தெந்த விலங்குகளுக்கு எதிராக வடிகட்டினார்கள் என்ற பட்டியல் லேபிளிலோ டேட்டாஷீட்டிலோ இருக்கும். உங்கள் தாளில் உள்ள மற்ற எல்லா விலங்கும் அதில் வர வேண்டும்.

எப்போதும் இதையே வாங்கலாமே என்றால், வடிகட்டும்போது நல்ல ஆன்டிபாடிகளும் கொஞ்சம் போய்விடுகின்றன. சிக்னல் சற்றுக் குறையலாம், ஓரிரு உட்பிரிவுகளைப் பிடிப்பது தளரலாம். ஒரே பிரைமரி வைத்து, செல் லைசேட்டில் (உடைத்த செல்களின் சாறு) சாதாரண வெஸ்டர்ன் செய்கிறீர்கள் என்றால் வடிகட்டாததே போதும். பல நிறம், திசு வெட்டு, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்ப்பது) என்றால் வடிகட்டியதுதான்.

நான்காவது படி: முழு ஐஜிஜியா, துண்டா

முழு ஐஜிஜி சுமார் 150 கிலோடால்டன். பெரும்பாலான வேலைக்கு அதுவே சரி. ஆனால் மண்ணீரல், நிணநீர் முடிச்சு, ரத்தச் செல்கள் போன்ற இடங்களில் மேக்ரோஃபேஜ், பி செல் மேலெல்லாம் எஃப்சி ரிசெப்டர்கள் உண்டு. அவை எந்த ஆன்டிபாடியின் வாலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே வால் வெட்டப்பட்ட, சுமார் 110 கிலோடால்டன் உள்ள ஃபேப்-2 துண்டுகள் நல்லது.

இந்த ரிசெப்டர்களை மூட, ஃப்ளோ செய்பவர்கள் எஃப்சி பிளாக் என்று ஒன்று ஊற்றுவார்கள். சுண்டெலிச் செல்களுக்குப் பரவலாகப் பயன்படும் 2.4ஜி2 என்ற குளோன் எலியிலிருந்து வந்த ஆன்டிபாடி. பிறகு ஆன்டி-ராட் செகண்டரி போட்டால், அது அந்த பிளாக்கையே பிடித்து எல்லாச் செல்லையும் ஒளிரவைக்கும். அம்புக்குறித் தாளில் பிளாக்கையும் எழுதுங்கள் என்று சொல்வது இதற்காக.

ஐபி (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைக் கலவையிலிருந்து இழுத்தெடுப்பது) செய்துவிட்டு அதையே பிளாட் செய்பவர்களுக்கு வேறு தொல்லை. ஐபிக்குப் போட்ட ஆன்டிபாடி ஜெல்லில் பிரிந்து, கனச் சங்கிலி 50இலும் மெல்லிய சங்கிலி 25 கிலோடால்டனிலும் தடித்த கோடாக வரும். உங்கள் புரதம் 50 பக்கம் என்றால் அது அந்தக் கோட்டுக்குள் புதைந்துவிடும். மெல்லிய சங்கிலியை மட்டும் பிடிக்கும் செகண்டரி வாங்கலாம். அல்லது ஐபிக்கு முயல், பிளாட்டுக்குச் சுண்டெலி என்று பிரைமரிகளைப் பிரித்து, முயலுக்கு எதிராக வடிகட்டிய ஆன்டி-மவுஸைப் போடலாம்.

ஐந்தாவது படி: எதை ஒட்டியது வேண்டும்

வெஸ்டர்னுக்கும் எலைசாவுக்கும் பழகியது ஹெச்ஆர்பி, அதாவது குதிரை முள்ளங்கி என்ற கிழங்கிலிருந்து வரும் பெராக்சிடேஸ் நொதி. லூமினால் கலந்த இசிஎல் ஊற்றினால் ஒளி தரும், டிஎம்பி ஊற்றினால் நீலம், டிஏபி ஊற்றினால் பழுப்பு. இதற்கு ஒரு விரோதி உண்டு: சோடியம் அசைடு. கெட்டுப்போகாமல் இருக்கப் பஃபரில் கலக்கும் இந்த உப்பு ஹெச்ஆர்பியை முடக்கிவிடும். பிரைமரியில் இருக்கும் சொற்ப அசைடு கழுவலில் போய்விடும். செகண்டரியைக் கரைக்கும் பஃபரில் அது இருக்கவே கூடாது. அசைடு கரைசலை சிங்க்கில் கொட்டவும் வேண்டாம், செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உப்புகளாகப் படியும். ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் ஒட்டிய செகண்டரி என்றால் பாஸ்ஃபேட் உள்ள பிபிஎஸ் பஃபர் அதைத் தடுக்கும், டிரிஸ் உள்ள டிபிஎஸ்ஸுக்கு மாறுங்கள்.

நுண்ணோக்கிக்கு ஒளிரும் சாயம். எஃப்ஐடிசி மலிவு, ஆனால் சீக்கிரம் மங்கும், பிஎச் குறைந்தால் ஒளியும் குறையும். அலெக்சா 488 அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்று நிறத்துக்கு அலெக்சாவில் 488 (பச்சை), 568 (ஆரஞ்சு-சிவப்பு), 647 (தூரச்சிவப்பு) என்ற வரிசை வசதி, நியூக்ளியஸுக்கு நீலச் சாயமான டாப்பி. 568ஐயும் 594ஐயும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். 647 கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு மட்டும் தெரியும். ஐபீஸில் பார்த்துவிட்டு ‘ஸ்டெயின் ஆகவில்லை’ என்று ஸ்லைடைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

எந்தப் புரதத்துக்கு எந்த நிறம் என்பதையும் யோசியுங்கள். திசுவின் சொந்த ஒளிர்வு நீலத்திலும் பச்சையிலும் அதிகம். எனவே குறைவாக இருக்கும் புரதத்துக்கு 647ஐக் கொடுத்து, ஜிஎஃப்ஏபி மாதிரி அள்ளிக் கொட்டும் புரதத்தை 488இல் வையுங்கள். இலை, தண்டு வெட்டுகளில் இது தலைகீழ்: குளோரோஃபில் 680 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக ஒளிரும், 647இல் அது வந்து விழும்.

ஆறாவது படி: வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியது

பார்சல் வந்த அன்றே திறங்கள். பொடியாக வந்திருந்தால் மூடியைத் திறப்பதற்கு முன் ஒருமுறை சுழற்றி, டேட்டாஷீட் சொல்லும் அளவு நீர் விட்டு, மெதுவாகக் கரையவிடுங்கள், நுரை வரக் குலுக்க வேண்டாம். ஒளிரும் செகண்டரிகளை 4 டிகிரியில் அலுமினியத் தாள் சுற்றி வைக்கலாம். நீண்ட காலத்துக்கு என்றால் சம அளவு கிளிசரால் கலந்து மைனஸ் 20இல் வைப்பது பழக்கம். உறையாது, ஒவ்வொரு முறையும் உருக்க வேண்டியதில்லை. ஹெச்ஆர்பி ஒட்டியதை வெறுமனே உறையவைத்து உறையவைத்து உருக்கினால் நொதி போய்விடும்.

கிளிசரால் கலந்ததும் செறிவு பாதியாகிவிடுகிறது. டேட்டாஷீட் 1:1000 என்று சொன்னால் உங்கள் டியூபுக்கு அது 1:500. கலந்தவர் அதை டியூப் மேல் எழுதாமல் போனால், அடுத்து வருபவர் ஒரு வருடம் பாதி அளவில் போட்டுக்கொண்டிருப்பார். தேதி, செறிவு, கிளிசரால் உண்டா இல்லையா, லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்: இந்த நான்கும் டியூப் மேல் இருக்கட்டும்.

தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அது அவ்வப்போது சூடாகிக் குளிரும். மின்தடை அடிக்கடி வரும் இடமென்றால் ஆன்டிபாடிப் பெட்டியைச் சுற்றி ஜெல் பேக்குகளை அடுக்கி வையுங்கள்.

ஏழாவது படி: ஐந்து ரூபாய்ச் சோதனை

இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். உண்மையான மாதிரியில் போடுவதற்கு முன், புதுச் செகண்டரி யாரைப் பிடிக்கிறது என்று ஒரு மதியத்தில் பார்த்துவிடலாம்.

விரல் அகல நைட்ரோசெல்லுலோஸ் துண்டு ஒன்று எடுங்கள். ஆய்வகத்தில் இருக்கும் சுண்டெலி, எலி, முயல், ஆடு, மாடு, கழுதை சீரங்களை பிபிஎஸ்ஸில் 1:1000 கலந்து, ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோலிட்டர் புள்ளி வையுங்கள். பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா மை கரையும். காய்ந்ததும் பிஎஸ்ஏவில் (மாட்டு ஆல்புமின்) அரை மணி நேரம் பிளாக் செய்து, அதாவது வெற்று இடங்களை மூடி, செகண்டரியை அரை மணி, மூன்று முறை ஐந்தைந்து நிமிடம் கழுவல், இசிஎல். ஒளிரும் செகண்டரி என்றால் நேராக இமேஜரில் வைக்கலாம். ஆன்டி-மவுஸ் என்றால் சுண்டெலிப் புள்ளி மட்டும் தெரிய வேண்டும். எலிப் புள்ளியும் தெரிந்தால் எந்த வேலைக்கு அது உதவாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இதே துண்டில் அளவையும் கண்டுபிடிக்கலாம். உங்கள் பிரைமரியையே 100, 10, 1 நானோகிராம் என்று புள்ளி வைத்து, ஐந்து துண்டுகளை 1:2000, 1:5000, 1:10,000, 1:20,000, 1:50,000 செகண்டரியில் போடுங்கள். 1 நானோகிராம் தெரிந்து, வெற்று இடம் வெள்ளையாகவும் இருக்கும் டைல்யூஷன்களில் எது செகண்டரியை மிகக் குறைவாகச் செலவழிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு மட்டும் சில எண்கள்: 1 மில்லிகிராம்/மில்லிலிட்டர் ஹெச்ஆர்பி செகண்டரி வெஸ்டர்னுக்கு 1:5000 முதல் 1:20,000 வரை, அதிக உணர்திறன் உள்ள இசிஎல் என்றால் 1:50,000, அதற்கு மேலும் போகலாம். 2 மில்லிகிராம் ஒளிரும் செகண்டரி நுண்ணோக்கிக்கு 1:500 முதல் 1:1000. 10 மில்லிலிட்டரில் 1:10,000 வேண்டும் என்றால் 1 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டும். கிளிசரால் உள்ள பொருளில் பைப்பெட் அதைத் துல்லியமாக எடுக்காது. முதலில் 1:10 கலந்து, அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுங்கள்.

எட்டாவது படி: பிளாக்கிங்

நான் முதன்முதலில் ஆன்டி-கோட் செகண்டரி போட்ட மெம்பிரேன் முழுக்க இரவு மாதிரி வந்தது. மூன்று வாரம் ஆட்டுப் பிரைமரியைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிளாக் செய்தது பால்பொடியில். பாலில் மாட்டின் ஐஜிஜி இருக்கிறது. ஆன்டி-கோட் மாட்டு ஐஜிஜியையும் பிடிக்கும். மெம்பிரேன் முழுக்க நானே அதற்கு இரை பூசி வைத்திருந்தேன். ஆன்டி-கோட், ஆன்டி-ஷீப், ஆன்டி-போவைன் செகண்டரிகளோடு பால் வேண்டாம். மலிவான பிஎஸ்ஏவிலும் ஐஜிஜி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஐஜிஜி நீக்கிய பிஎஸ்ஏ கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். பாலில் பயோட்டினும் உண்டு, பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டவிடின் முறைக்கு அதுவும் ஆகாது.

திசுவுக்குச் செகண்டரி எந்த விலங்கோ அந்த விலங்கின் நார்மல் சீரம் 5 முதல் 10 சதவீதம். கழுதைச் செகண்டரிகள் என்றால் கழுதைச் சீரம். பிரைமரியின் விலங்குச் சீரத்தைப் போட்டால் செகண்டரி அதையே பிடித்துக்கொள்ளும். டிஏபி முறைக்கு முன்பு திசுவின் சொந்தப் பெராக்சிடேஸை ஹைட்ரஜன் பெராக்சைடால் அடக்கவும் மறக்க வேண்டாம்.

ஒன்பதாவது படி: ஓட்டம்

வெஸ்டர்ன்: பிரைமரிக்குப் பின் 0.1 சதவீதம் ட்வீன் என்ற சோப்பு கலந்த டிபிஎஸ்ஸில் (டிபிஎஸ்டி) மூன்று முறை பத்துப் பத்து நிமிடம். தட்டில் பஃபர் தாராளமாக இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் பழையதை முழுக்க வடித்துவிடுங்கள். செகண்டரி ஒரு மணி நேரம், அறை வெப்பநிலை. கையேடுகள் அறை வெப்பநிலை என்று சொல்வது 20 முதல் 25 டிகிரி. ஏசி நின்றுபோன மே மாதச் சென்னையை அல்ல. அதற்குப்பின் மறுபடி மூன்று பத்து நிமிடக் கழுவல். அவசரத்தில் எல்லோரும் சுருக்குவது இந்தக் கடைசிக் கழுவலைத்தான், பேக்கிரவுண்ட் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

மூளை வெட்டு: 0.3 சதவீதம் டிரைட்டான் கலந்த பிபிஎஸ்ஸில் கழுதைச் சீரம் ஒரு மணி நேரம். மூன்று பிரைமரிகளும் ஒன்றாக, 4 டிகிரியில் இரவு முழுக்க. மறுநாள் மூன்று கழுவல். செகண்டரிக் கலவையை ஊற்றுவதற்கு முன், சிறு டியூபில் பிரித்து வைத்த செகண்டரியை (அலிக்வாட்) 10,000 ஜியில் பத்து நிமிடம் சுழற்றி மேலே இருப்பதை மட்டும் எடுங்கள். படத்தில் நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியும் புள்ளிகளில் பல, அடியில் திரண்டுபோன செகண்டரிதான். வெளிச்சம் படாமல் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம், மூன்று கழுவல், டாப்பி, மவுன்ட்.

கன்ட்ரோல்களை அதே நாளில், அதே தட்டில் வையுங்கள். ஒரு வெட்டில் பிரைமரி எதுவுமில்லாமல் மூன்று செகண்டரிகள். இன்னும் மூன்று வெட்டுகளில், ஒவ்வொன்றிலும் ஒரு பிரைமரி மட்டும், ஆனால் மூன்று செகண்டரிகளும். முயல் ஜிஎஃப்ஏபி மட்டும் உள்ள வெட்டு அதற்குரிய சேனலில் மட்டும் தெரிய வேண்டும். மற்ற சேனலில் நட்சத்திர வடிவச் செல் தெரிந்தால் செகண்டரி எல்லை தாண்டுகிறது. நுண்ணோக்கியில் எல்லா வெட்டுகளுக்கும் ஒரே எக்ஸ்போஷர். பிரைமரி இல்லாத வெட்டுக்கு மட்டும் எக்ஸ்போஷரைக் குறைத்து ‘பார், கருப்பு’ என்று காட்டினால் அது கன்ட்ரோல் ஆகாது.

வந்த பிறகு என்ன பார்ப்பது

பிரைமரி இல்லாத மெம்பிரேனிலும் அதே கோடுகள் என்றால் செகண்டரி நேராகவே பிடிக்கிறது, வடிகட்டியதற்கு மாறுங்கள். கோட்டின் நடுவே வெள்ளையாகி ஓரம் மட்டும் ஒளிர்ந்தால், அல்லது மெம்பிரேனிலேயே கோடு பழுப்பாகத் தெரிந்தால், ஹெச்ஆர்பி அதிகமாகி இசிஎல்லை நொடியில் தின்றுவிட்டது. செகண்டரியைப் பத்து மடங்கு குறையுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் செகண்டரியில் ஒரு துளியை இருட்டறையில் இசிஎல்லோடு கலந்து பாருங்கள். ஒளி வந்தால் நொதி உயிரோடு இருக்கிறது, வராவிட்டால் பிரைமரியைத் தொடவே வேண்டாம்.

ஆடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த டியூப்களுக்குப் பின்னால் உயிருள்ள மந்தைகள் நிற்கின்றன. 2016இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆன்டிபாடி நிறுவனம், விலங்குகளை நடத்திய விதத்துக்காக 35 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. மாற்று வழிகள் வருவது எனக்கு மகிழ்ச்சி. 2018இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள், சுண்டெலி, முயல் ஐஜிஜிகளைப் பிடிக்கும் நானோபாடிகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அல்பாகா என்ற ஒட்டக இன விலங்கின் ஆன்டிபாடியிலிருந்து எடுத்த, சுமார் 15 கிலோடால்டனே உள்ள துண்டுகள் அவை. பாக்டீரியாவில் வளர்க்கலாம், ஒவ்வொரு முறையும் அதே பொருள் கிடைக்கும். பிரைமரியோடு முன்பே கலந்து ஒரே முறையில் ஊற்றவும் முடியும்.

ஆட்டிலிருந்து வரும் பாலிகுளோனலுக்கு (பல குளோன்களின் கலவை) அந்த உறுதி இல்லை. ஒவ்வொரு லாட்டும் கொஞ்சம் மாறும். அதனால் பழைய டியூபில் ஐம்பது மைக்ரோலிட்டர் மிச்சம் இருக்கும்போதே புதியதை வாங்கி, பழையதையும் புதியதையும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளித் துண்டுகளில் போட்டுப் பாருங்கள். அந்தப் படத்தை நோட்டில் ஒட்டி, கீழே இரண்டு லாட் எண்களையும் எழுதிவிடுங்கள்.